நான் ஆர்க்கிடெக்ட் ஆகாத கதை

எனக்கு ஆர்க்கிடெக்சர் சீட்டு கிடைத்த செய்தி, எனக்குத் தெரிவதற்கு முன்பே சேலத்தில் பாதிப் பேருக்குத் தெரிந்திருந்தது. அத்தா போனில் பார்த்துவிட்டு நேரே டீக்கடைக்குப் போயிருக்கிறார். அங்கிருந்து டைல்ஸ் கடைக்காரரிடம். அங்கிருந்து அஸர் தொழுகைக்கு. தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவர்களிடம். கடைசியாகத்தான் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்றபடியே, "எங்க நம்ம ஆர்க்கிடெக்ட் அம்மா?" என்று கேட்டார். யாரோ விருந்தாளியைத் தேடுகிறார் என்று நினைத்து நான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன்.

அத்தாவுக்கு வீட்டுமனைத் தொழில். சேலத்திலிருந்து நாமக்கல் போகிற நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் விவசாயக் காடு வாங்கி, அதை மனைகளாகப் பிரித்து, கல் நட்டு விற்பார். தனக்கு அவர் வைத்துக்கொண்ட பெயர் புரமோட்டர். ஊர் அவருக்கு வைத்த பெயர் புரோக்கர் பாய். கல்யாண வீட்டில் யாராவது அப்படிச் சொல்லி அறிமுகம் செய்தால் அவர் முகம் சுருங்கிப்போகும். உடனே என்னை முன்னால் இழுத்து நிறுத்தி, "நம்ம பொண்ணு ஆர்க்கிடெக்ட்டுக்குப் படிக்கப் போவுது" என்பார். அப்போது நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்த வார்த்தையை எழுதக்கூடத் தெரியாது.

அவர் மட்டுமே ஆசைப்பட்டார், என்னைத் தள்ளிவிட்டார் என்று சொன்னால் பொய். எனக்கும் ஆசை இருந்தது. வரைவேன். நன்றாகவே வரைவேன். நுழைவுத் தேர்வில் முதல் தடவையே தேறினேன். கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் இடமும் கிடைத்தது. அதே கல்லூரியில் ரியல் எஸ்டேட் மேனேஜ்மெண்ட் என்று மூன்று வருடப் படிப்பு ஒன்றும் இருந்தது. நிலம் வாங்குவது, பிரிப்பது, சட்டம், மதிப்பு, விற்பனை எல்லாம் அதில் வரும். விண்ணப்பத்தில் இரண்டாவது விருப்பம் என்ற இடம் வெறுமையாக இருக்கிறதே என்று அதைப் போட்டு வைத்திருந்தேன். அத்தா அதைப் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"இதுக்கு எதுக்குடா கண்ணு காலேஜ்? என்கூட கார்ல ஏறி உக்காரு, மூணு வருசத்துல தானா வந்துரும்."

நானும் சேர்ந்து சிரித்தேன். வகுப்பு தொடங்கும் வரைக்கும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம், பெற்றோர் கையெழுத்து இருந்தால் போதும் என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். அது எனக்குத் தேவைப்படும் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் அதற்கும் சிரித்திருப்பேன்.

தொழில் நடந்த விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முஸ்லிம் வீட்டில் மேற்கு எது என்று தெரிந்தால் தொழுகைக்குப் போதும். அத்தாவுக்கோ எட்டுத் திசையும் மனப்பாடம். வடகிழக்கு ஈசானி மூலை, அங்கே தண்ணீர் இருக்க வேண்டும். தென்கிழக்கு அக்னி மூலை, அங்கே அடுப்பு. வடமேற்கு வாயு மூலை, அங்கே செப்டிக் டேங்க். இதையெல்லாம் அவர் நம்பினாரா என்று கேட்டால், "வாங்கறவங்க நம்பறாங்கல்ல" என்பார். வாஸ்து பார்க்கிறவர்களே சில சமயம் அவரிடம் சந்தேகம் கேட்பார்கள்.

இன்னொரு பாதித் தொழில் எங்கள் அடுப்படியில் நடந்தது. மனை பார்த்த குடும்பம் பேசி முடிக்க வீட்டுக்கு வரும். ஆண்கள் முன்னறையில் உட்கார்ந்து, பிடித்தும் பிடிக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்கள். கூட வந்த பெண்கள் உள்ளே அம்மாவிடம் வருவார்கள். டீ கொதிக்கிற நேரத்துக்குள் பஸ் ஸ்டாப் தூரம், மாமியாருக்குப் பிடிக்கவில்லை, தம்பி பணம் தருவதாகச் சொல்லியிருக்கிறான் என்று எல்லாம் வெளியே வந்துவிடும். அம்மா டீத் தட்டோடு முன்னறைக்கு வரும்போது அத்தா அம்மாவின் கையைத்தான் பார்ப்பார். தட்டை அத்தா பக்கம் வைத்தால் பார்ட்டி வாங்கும். வந்தவர்கள் பக்கம் வைத்தால் வாங்காது, வீணாகப் பேச வேண்டாம். நான் பார்த்து அது தப்பியதே இல்லை.

சீட்டு கிடைத்து, ஊரெல்லாம் சொல்லி முடித்து, ஹாஸ்டலுக்குப் பெட்டி வாங்கலாமா என்று பேசிக்கொண்டிருந்தபோது அந்தப் போன் வந்தது. புதுச்சத்திரம் தாண்டி அத்தா போட்ட மனைப்பிரிவிலிருந்து ஓர் அக்கா பேசினார். அவர் கணவர் லாரி ஓட்டுகிறவர். வடக்கே லோடு ஏற்றிப் போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். வீட்டையும் இரண்டு பிள்ளைகளையும் அந்த அக்காதான் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க பாய், எங்க ஊட்டுத் தண்ணி வாயில வெக்க முடியலீங்க. நாத்தம் கொடலைப் பொரட்டுது. நீங்க ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்க."

விற்று முடித்த மனைக்கு அத்தா பொதுவாகத் திரும்பிப் போகமாட்டார். ஆனால் இப்போது காட்டிக்கொள்ள வீட்டில் ஓர் ஆர்க்கிடெக்ட் இருந்தாள். "நீயும் வா, நாலு வீட்டைப் பாத்த மாதிரி இருக்கும்" என்று என்னையும் ஏற்றிக்கொண்டார்.

அந்த மனைப்பிரிவு அத்தாவுக்குப் பெருமையான ஒன்று. நெடுஞ்சாலையிலிருந்து மேற்கே ஒரு தெரு. தெருவுக்கு வடக்கே அடுத்தவர் காடு. தெற்கே மட்டும் ஒரே வரிசையாக மனைகள். அதனால் எல்லாமே வடக்குப் பார்த்த மனை. "தெற்குப் பார்த்து ஒண்ணுகூடக் கிடையாது" என்று சொல்லியே விற்றார். ஆறு வீடுகள் எழும்பிவிட்டன. மேற்குக் கடைசி மனை மட்டும் விற்கவில்லை. தெரு மேற்கே சரிந்து போவதால் மழை பெய்தால் அங்கே தண்ணீர் நிற்கும்.

லாரிக்கார அக்கா ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்து என்னிடம் நீட்டினார். "மோந்து பாரு சாமி." மோந்து பார்த்தேன். மூக்கைப் பொத்தாமல் இருக்க நிறையப் பாடுபட்டேன்.

"சின்னவனுக்கு வயித்தால போய்ட்டே இருக்குது. டாக்டர் தண்ணியத்தான் சொல்றாரு. அந்த ஊட்டு செப்டிக் டேங்க்கு எங்க போர்வெல்லுக்கு ஒட்டுனாப்பல இருக்குது, பாருங்க" என்று கிழக்கு வீட்டைக் காட்டினார்.

கிழக்கு வீட்டுக்காரர் ராசிபுரத்தில் தறி வைத்திருந்தவர், இப்போது துணி வியாபாரம். சுவருக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க டேங்க்கு வாயு மூலையில இருக்குதுங்க பாய். சாஸ்திரப்படி அங்கதான இருக்கோணும்? அவங்க போரை வேணா நவுத்திக்கச் சொல்லுங்க."

"ஈசானி மூலைய உட்டுப்போட்டுப் போரை எங்கீங்க கொண்டு போறது? ஊட்டுல நாங்க நல்லா இருக்க வேண்டாமுங்களா?" என்றார் அக்கா.

இதில் வேடிக்கை என்னவென்றால், தறிக்காரர் வீட்டுத் தண்ணீரும் நாறியது. அவர் அதற்கு அவருடைய கிழக்கு வீட்டைத் திட்டினார். ஆறு வீட்டில் ஐந்து வீடு இப்படியே தன் கிழக்கு வீட்டைத் திட்டிக்கொண்டிருந்தது. நெடுஞ்சாலைப் பக்கம் கிழக்குக் கோடியில் இருந்த முட்டை வியாபாரி வீட்டில் மட்டும் தண்ணீர் இளநீர் மாதிரி இருந்தது. காலையில் எல்லோரும் குடத்தோடு அவர் வாசலுக்குத்தான் போனார்கள். அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நம்முளுது வாஸ்து அம்சமா அமைஞ்சு போச்சுங்க பாய். ஆருக்கும் இப்படி அமையாதுங்க" என்றார். மற்றவர்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அவருக்கு வாஸ்து பார்த்தவர் யார் என்று தறிக்காரர் என்னிடமே மெதுவாக விசாரித்தார்.

நான் ஆறு வீட்டையும் சுற்றி வந்தேன். படிக்கட்டு, ஜன்னல், தளம், குழாய் எல்லாவற்றையும் ஏற்கெனவே ஆர்க்கிடெக்ட் ஆகிவிட்டவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பார்த்தேன். ஒரு வீட்டிலும் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. மறுபடி வந்து பார்ப்பதாக அக்காவிடம் சொல்லிவிட்டுத் திரும்பும்போது அத்தா நிம்மதியாகச் சொன்னார்.

"பாத்தேல்ல? ஒரு வீட்டுலயும் ஒரு தப்பும் இல்ல."

அவர் சொன்னது சரிதான். அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு தப்பும் இல்லாத வீட்டில் ஒரு குழந்தைக்கு எப்படி வயிற்றால் போகும்?

வீட்டுக்கு வந்ததும் ஒரு பெரிய சார்ட் தாளை விரித்து ஆறு வீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்தேன். தெருவில் வீடுகளைப் பார்த்து நின்றால் இடது கை கிழக்கு, வலது கை மேற்கு. ஒவ்வொரு வீட்டிலும் முன்புறம் இடது ஓரம் ஈசானி மூலை, அங்கே போர், நீல வட்டம். வலது ஓரம் வாயு மூலை, அங்கே டேங்க், சிவப்பு வட்டம். மூன்று வீடு போட்டதும் கை நின்றுவிட்டது. எல்லா நீல வட்டத்துக்கும் ஒட்டி, ஒரே ஒரு காம்பவுண்டுச் சுவர் மட்டும் நடுவில் இருக்க, கிழக்கு வீட்டின் சிவப்பு வட்டம் உட்கார்ந்திருந்தது. நிலமும் கிழக்கிலிருந்து மேற்கே சரிவு. டேங்க் என்பது அங்கே சிமெண்ட் உறை இறக்கிய குழிதான், அடியில் பூசுவதில்லை. முட்டை வியாபாரி வீட்டுக்குக் கிழக்கே வீடே கிடையாது. அவருடைய வாஸ்து அவ்வளவுதான்.

ஆறு பேரும் ஆறு வீட்டுக்கும் முறைப்படி எல்லாம் செய்திருந்தார்கள். முறைப்படி செய்ததாலேயே ஒவ்வொருவரும் மேற்கு வீட்டுக்காரருக்குக் கழிவுநீரை அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு முதலில் ஒரே குஷி. தாளைத் தூக்கிக்கொண்டு அத்தாவிடம் ஓடினேன். அவர் வெகுநேரம் பார்த்தார். எப்படிப்பட்ட மனையையும் ஒரு பார்வையில் அளந்துவிடுகிறவர், அந்தத் தாளை அவ்வளவு நேரம் பார்த்தார்.

"நான் வித்தது மனை. டேங்க்கு நானா கட்டினேன்?"

"எல்லாத்தையும் வடக்குப் பாத்து ஒரே வரிசையில வெச்சது யாரு அத்தா?"

"அப்படி வெச்சாத்தான் விக்கும்."

"வித்துருச்சு. இப்ப?"

மஃரிப் தொழுகைக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது. ஆனாலும் தொப்பியை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குக் கிளம்பிவிட்டார்.

நான் அந்தத் தாளின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். ஐந்து வருடம் படித்து ஆர்க்கிடெக்ட் ஆகிறேன் என்று வைத்துக்கொள்வோம். தறிக்காரர் என்னைக் கூப்பிடுவார். அவர் வீட்டை அழகாக வரைவேன். வெளிச்சம் வரும், காற்று வரும், படிக்கட்டு பார்க்க லட்சணமாக இருக்கும். போரை அவருடைய ஈசானி மூலையில்தான் வைப்பேன், வேறு எங்கே வைக்க விடுவார்? சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்க எனக்கு உரிமையே இருக்காது. வீடு வரைய ஆள் வருவதற்குள் எல்லாம் முடிந்துபோயிருக்கிறது. தெரு எங்கே, சரிவு எந்தப் பக்கம், யார் வாசலுக்குப் பக்கத்தில் யார் குழி என்பதெல்லாம் கல் நடுகிற அன்றைக்கே தீர்மானமாகிவிடுகிறது. கல் நடுகிறவர் எங்கள் அத்தா. அவருக்கு யாரும் அதைக் கற்றுக்கொடுக்கவில்லை. கார்ல ஏறி உட்கார்ந்தால் வந்துவிடும் என்றார் அல்லவா, அது வந்துவிடவில்லை.

மறுநாள் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னேன். "நான் ஆர்க்கிடெக்சர் போகல. அந்த மூணு வருசப் படிப்புக்குத்தான் போகப் போறேன்."

அத்தா கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார்.

"என்னைப் புரோக்கர்னு சொல்றது பத்தாதா? உன்னையும் சொல்லணுமா?"

"சொல்லட்டும்."

"ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசல்ல எத்தனை மாதிரி ஆளுங்க வந்து நிப்பாங்கன்னு உனக்குத் தெரியுமா? ஒவ்வொருத்தன் பேசற பேச்சு காதுல கேக்க முடியாது. அங்க போயி நிக்கறதுக்கா உன்னப் படிக்க வெச்சேன்? ஊரு பூராச் சொல்லிட்டேன்."

"ஊரா படிக்கப் போவுது? நான்தானே?"

அவர் எழுந்துபோய்க் கை கழுவிவிட்டார். எனக்கு அழுகை வந்தது. ஆனால் அவர் முன்னால் அழுதால் என் பேச்சுக்கு மதிப்புப் போய்விடும் என்று மிளகாயைக் கடித்துவிட்டதாக நடித்தேன். அப்போதும் முடிவு மாறவில்லை. அவர் ஆசையை உடைக்கிறோமே என்ற வருத்தம் ஒரு பக்கம், நான் சொல்வதுதான் சரி என்ற பிடிவாதம் ஒரு பக்கம். இரண்டில் பிடிவாதம்தான் ஜெயித்துக்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகு அவர் என்னோடு நேராகப் பேசவில்லை. எல்லாம் அம்மா வழியாகத்தான்.

"அந்த ஆர்க்கிடெக்ட் அம்மாவைச் சாப்பிட வரச் சொல்லு."

"அப்படி யாரும் இந்த வீட்டுல இல்லைன்னு சொல்லும்மா."

நடுவில் நின்ற அம்மாவுக்கு ஒருநாள் பொறுமை போய்விட்டது. கரண்டியை நங்கென்று வைத்தார்.

"பொம்பளைக்கு இந்தத் தொழில் ஆகாதுங்கறீங்களே, நான் இத்தன வருசமா டீ மட்டுமா போட்டேன்? எந்தப் பார்ட்டி வாங்கும், எது வாங்காதுன்னு உங்களுக்கு யாரு சொன்னது? அவ வெளிய நின்னு செய்யப் போறத நான் உள்ள நின்னு செஞ்சேன். அவ்வளவுதான்."

அத்தா போனை எடுத்துப் பார்த்தார். எடுத்த நேரம் பார்த்து அது மணியடித்தது. லாரிக்கார அக்காதான். சின்னவனை ஆஸ்பத்திரியில் சேர்த்து, குளுக்கோஸ் ஏற்றி, இப்போதுதான் கூட்டிவந்திருக்கிறாராம். "மறுக்கா வாரேன்னீங்க, வரவேயில்லீங்களே பாய்" என்று அவர் கேட்டது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

போனை வைத்துவிட்டு அத்தா என்னைப் பார்த்தார். பல நாளுக்குப் பிறகு நேராக என்னிடமே பேசினார்.

"தாள்ல வட்டம் போட்டுட்டா ஆச்சா? ஆறு வீட்டுக்காரங்களையும் ஒரு பேச்சுக்குக் கொண்டு வரணும். அதான் தொழில். கொண்டு வந்து காட்டு, நீ கேட்ட படிப்புக்குக் கையெழுத்துப் போடறேன். முடியலைன்னா வாயைத் திறக்காம ஆர்க்கிடெக்சர் போயிடணும். சரியா?"

"சரி" என்றேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனோம். தாளைக் கார் பேனட்டின் மேல் விரித்து, காற்றுக்குப் பறக்காமல் நான்கு மூலையிலும் கல் வைத்தேன். ஆறு வீட்டுக்காரர்களும் வந்து சூழ்ந்தார்கள். நீலம் எது, சிவப்பு எது என்று சொன்னேன். புரிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. புரிந்ததும் நான் நினைத்ததுக்கு நேர்மாறாக நடந்தது. அதுவரை ஒவ்வொருவரும் கிழக்கு வீட்டைச் சந்தேகப்பட்டுத்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள். இப்போது கையில் படமே கிடைத்துவிட்டது. சண்டை இரண்டு மடங்காகிவிட்டது.

"அப்ப எங்க போரு நாறறதுக்கு உங்க ஊட்டுக் கருமந்தான் காரணம்!"

"உங்க கருமம் அந்தப் பக்கத்து ஊட்டுக்குப் போகுதே, அதச் சொல்லுங்க மொதல்ல!"

டேங்க்கை நகர்த்த ஒருவரும் தயாராக இல்லை. போரை நகர்த்தவும் தயாராக இல்லை. முட்டை வியாபாரி, "எனக்குத் தண்ணி சுத்தமா இருக்குது. நான் எதுக்குங்க எங்க டேங்க்கைத் தொடோணும்?" என்று கையைக் கட்டிக்கொண்டார். அத்தா காரில் சாய்ந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கேலி இல்லை. ஆனால் உதவிக்கும் வரவில்லை. ஆர்க்கிடெக்சர் வகுப்பில் முதல் வரிசையில் நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்கே தெரிந்தது.

சாக்கடை, கிருமி என்று பேசிப் பிரயோசனம் இல்லை என்று தோன்றியது. அவர்கள் எதை விட்டுக்கொடுக்க மாட்டார்களோ அங்கிருந்துதான் பேச வேண்டும். தறிக்காரரிடம் திரும்பினேன்.

"அண்ணா, உங்க வீட்டுல ரூமுக்கு ரூம் ஒரு வாயு மூலை பாத்தீங்களா, வீட்டுக்கு ஒண்ணு பாத்தீங்களா?"

"இதென்ன பாப்பா கேள்வி? ஊட்டுக்கு ஒண்ணுதான்."

"அப்ப இந்த மனைப்பிரிவு மொத்தமும் ஒரே வீடு, நீங்க ஆறு பேரும் அதுல ஆறு ரூமுன்னு வெச்சுக்குங்க. நாங்க நம்பலைன்னாலும் எங்க அத்தா இதைப் பாத்துத்தான் உங்களுக்கு வித்தாரு. இந்தப் பெரிய வீட்டுக்கு வாயு மூலை எது?"

தறிக்காரர் மேற்கே திரும்பினார். பிறகு எல்லோரும் திரும்பினார்கள். சரிவின் அடியில், விற்காமல், கருவேலஞ்செடி முளைத்துக் கிடந்தது கடைசி மனை. அதன் வடக்குப் பாதிதான் அந்த வரிசைக்கே வடமேற்கு. தெருவின் சரிவும் அங்கேதான் போனது. ஆறு வீட்டுக்கும் பொதுவாக, அடிவரை பூசிய ஒரு பெரிய டேங்க் அங்கே கட்டினால் எல்லாக் குழாயும் தானாக இறங்கும். எந்தப் போரும் அதற்குப் பக்கத்தில் இல்லை.

"அட, ஆமாமுங்க" என்றார் தறிக்காரர்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மனை அத்தாவுடையது. அவரை நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். நான் அவர் பக்கம் திரும்பத் துணியாமல் தாளையே பார்த்தேன்.

அத்தா தொண்டையைச் செருமினார். "என் பொண்ணு என்னைக் கேக்காமயே என் மனையை உங்களுக்கு எழுதி வெச்சுட்டா, பாத்தீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு, "இடம் நான் தந்துடறேன். குழி வெட்டறது, பைப்பு போடறது நீங்க ஆறு பேரும் சேர்ந்து பாத்துக்குங்க" என்றார். அவருடைய வியாபாரக் குரல் எனக்குத் தெரியும். அது அந்தக் குரல் இல்லை.

முட்டை வியாபாரி மட்டும் கட்டிய கையை அவிழ்க்கவில்லை. "ஆறு பேருன்னு சொல்லாதீங்க. நான் இதுல இல்லீங்க."

லாரிக்கார அக்கா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தாளின் பக்கத்தில் வந்தார். முட்டை வியாபாரி வீட்டுக்குக் கிழக்கே, நெடுஞ்சாலைக்கும் அதற்கும் நடுவில் இருந்த வெற்றிடத்தில் விரலை வைத்தார்.

"இது விலைக்கு வந்திருக்குதாமுங்க. ரோட்டோரம், ஓட்டல்காரன் வாங்குவான். அவனும் பொதுவுல சேரலீன்னா டேங்க்கை எந்த மூலையில வெப்பானுங்க?"

முட்டை வியாபாரி அந்த விரலைப் பார்த்தார். தன்னுடைய நீல வட்டத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் கேட்டது ஒரே கேள்விதான். "எப்பங்க வேலைய ஆரம்பிக்கலாம்?"

அது அவ்வளவு சுலபமாக முடிந்துவிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பைப்பின் சரிவுக்கு ஒரு சண்டை, மூடி எங்கே வருவது என்பதற்கு ஒரு சண்டை, பூஜை யார் கையால் என்று ஒரு சண்டை. பழைய குழிகளை மூடி, போர்களைக் கழுவி எடுத்து, தண்ணீர் தெளிய மாதக்கணக்கில் ஆனது. இப்போது நான் ரியல் எஸ்டேட் படிப்பில் இரண்டாம் வருடம். பக்கத்து அறை ஆர்க்கிடெக்சர் பெண்கள் இரவெல்லாம் அட்டை வெட்டி அழகழகாக மாடல் செய்கிறார்கள். பார்க்கப் பொறாமையாகத்தான் இருக்கிறது. எனக்கும் கை பரபரக்கும். "இந்த வீட்டுக்குப் பக்கத்து வீடு எங்கடி?" என்று கேட்பேன். கத்தரிக்கோலைத் தூக்கிக்கொண்டு துரத்துவார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது அத்தா காரை மெதுவாகவே ஓட்டினார். கையெழுத்துப் பேச்சை நான் எடுக்கவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று தெரிந்தும் அவர் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. பனமரத்துப்பட்டி பிரிவில் காரை ஓரங்கட்டி இரண்டு டீ சொன்னார்.

"அடுத்த வாரம் காலேஜுக்குப் போலாம். கையெழுத்துப் போட்டுடறேன்."

"சரி அத்தா."

"இதே மாதிரி வடக்குப் பாத்து ஒரே வரிசையா நான் இன்னும் சில எடத்துல போட்டிருக்கேன். மோகனூர்கிட்ட ஒண்ணு இருக்கு."

"தெரியும் அத்தா."

"அதையெல்லாமும் தாள்ல போட்டுப் பாப்பியா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் அவருக்கு அன்றைய டீ ருசித்திருக்கும். "பாப்பேன்" என்றேன்.

அவர் தலையாட்டினார். டீயைக் குடித்து முடித்தார். காரில் ஏறப் போனவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாரு. ஆனா பாத்ததை மொதல்ல எங்கிட்ட சொல்லு. அவங்ககிட்ட நானே போய்ச் சொல்லிக்கறேன்."

கல்லூரியில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த மறுநாளே மோகனூருக்குப் போனோம். கரும்புக் காட்டை ஒட்டிய தெருவில் வடக்குப் பார்த்து வரிசையாக வீடுகள். நான் காரிலிருந்து தாளை எடுத்தேன். அத்தா அதற்குக் காத்திருக்கவில்லை. எனக்கு முன்னால் நடந்துபோய் முதல் வீட்டுக் கதவைத் தட்டினார். ஓர் அம்மா வந்து திறந்து, யார் என்று தெரியாமல் பார்த்தார்.

"நான்தானுங்க, உங்களுக்கு இந்த மனையை வித்தவன். உங்க ஊட்டுத் தண்ணி எப்படி இருக்குதுன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."